சுமை வண்டிக்கு வழி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கோபம் மட்டும் இல்லாதிருந்தால், ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூட அறையில் இரண்டு பொம்மை ரயில்கள் ஒன்றுக்கொன்று மரியாதை கொடுக்கப்போய் முட்டிக்கொண்டு கவிழ்ந்ததை நான் பார்த்திருக்க மாட்டேன். அந்த ரயில்களுக்குப் புத்தி சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வந்துவிடுகிறது. கையில் காபி இருந்தால் கீழே வைத்துவிட வேண்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மலைமேல் இருந்த ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு டீச்சராக எனக்கு நான்காவது வருஷம். கண்ணமங்கலம் பக்கத்துக்காரி நான். ஒரு நாள் கீழேயிருந்து வந்த ஜீப்பில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே கம்ப்யூட்டர். இப்போது எல்லோரும் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கிறோமே, அந்த மாதிரி இல்லை. டைப்ரைட்டரைப் பாதியாக அறுத்தது போல் ஒரு பலகை, ஒரு சின்ன டிவி, எழுதியதைச் சேமித்து வைக்க ஒரு டேப் ரெக்கார்டர், தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம். சில பள்ளிகளுக்கு மேலிடத்திலிருந்து அனுப்பியதில் ஒன்று எப்படியோ மலையேறி எங்களிடம் வந்துவிட்டது.

எங்கள் ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு அப்படியே இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துப் பொரி கடலை படைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். யாராவது கேட்டால், "ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்பார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லாததால் ஒரு வருஷத்துக்கு மேல் அது பீரோவிலேயே இருந்தது.

பொங்கல் கழிந்து ஒரு கடிதம் வந்தது. பயன்படாமல் கிடக்கும் கம்ப்யூட்டர்களைக் கீழே உள்ள பள்ளிகளுக்கு மாற்றப் போகிறார்களாம். பங்குனியில் அதிகாரி ஒருவர் நேரில் வருவார். சும்மா கிடந்தால் அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். ஹெட்மாஸ்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்லதாப் போச்சும்மா. நம்ம பசங்களுக்கு இன்னாத்துக்கு அது? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கற்பூரத்தப் பீரோல வெச்சுப் பூட்டிட்டா கழுதைக்கு எப்படிங்க சார் வாசனை தெரியும்? சாவியக் குடுங்க. அவரு வர்றதுக்குள்ள அது வேலை செய்யும். எடுத்துக்கினு போக வுட மாட்டேன்."

சாவியைக் கொடுத்துவிட்டார். சாவி கைக்கு வந்த பிறகுதான், அந்தப் பெட்டியில் எந்தப் பொத்தானை அழுத்தினால் உயிர் வரும் என்றுகூட எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த முறை பிள்ளைகளையும் சேர்த்து மாட்டிவிட்டிருந்தேன். அவர்களுக்கென்று வந்த பொருள், அவர்கள் ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்காமல் கீழே போய்விடக்கூடாது. என் கவலை அது ஒன்றுதான்.

துணைக்கு வந்தவர் தச்சு வாத்தியார். மலைக்காரர். நெல்லிவாசல் நாடு என்று சொல்லும் மலையூர்களில் ஒரு குக்கிராமம். சனிக்கிழமை மத்தியானம் காட்டு வழியாக நடந்து வீட்டுக்குப் போவார், திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் வந்துவிடுவார். என் வயதுதான் இருக்கும். பிள்ளைகளுக்கு முக்காலியும் ஏர்க்கலப்பையும் செய்யச் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. பத்தாவது வரை படித்தவர், ஆனால் எந்தப் பொருளைக் கண்டாலும் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்க்காமல் விடமாட்டார். கம்ப்யூட்டரையும் அப்படித்தான் பார்த்தார்.

"அடியில ஒயர் சொருவறதுக்கு வரிசையா ஊசி ஊசியா கீது பாருங்க டீச்சர். இது வெளிய இன்னாத்தையோ இழுக்கறதுக்குத்தான் கீது" என்றார்.

புத்தகத்தைப் புரட்டினேன். அவர் சொன்னது சரி. கடைசி அத்தியாயத்தில், அந்த ஊசிகள் வழியாக வெளியே இருக்கும் விளக்குகளைக் கம்ப்யூட்டரே எரியவிட்டு அணைக்கலாம் என்று போட்டிருந்தது. எடுத்துக்காட்டு, சாலை சந்திப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்கு. எங்கள் மலையில் சந்திப்பும் கிடையாது, விளக்கும் கிடையாது.

"நிக்கறதா போறதான்னு வெளக்கு சொல்லுமா? எதிர்ல வர்றவன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?" என்று தச்சு வாத்தியார் நிஜமாகவே கேட்டார்.

பிறகு அவரே தச்சுக் கூடத்துப் பரணிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கினார். மலை ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் இருந்த வெள்ளைக்கார டாக்டர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. திறந்தால், பழைய துணியில் சுற்றிய இரண்டு குட்டி ரயில் எஞ்சின்கள், பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், கரண்ட் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இரண்டு. அடியில் ஆறு பாயிண்ட்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைத் தண்டவாளம்தான் ஓடியது. அதனால் பாயிண்ட் எனக்குப் பழக்கம். ஒரு தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில், நாக்கு மாதிரி கூரான ஒரு துண்டு இருக்கும். அது இந்தப் பக்கம் ஒட்டினால் ரயில் நேராகப் போகும்; அந்தப் பக்கம் ஒட்டினால் பக்கத்துத் தண்டவாளத்துக்குப் போகும். நேராகப் போவது மெயின் லைன், ஒதுங்கி நிற்பது லூப் லைன். எதிரெதிராக இரண்டு வண்டி வந்தால், ஒன்று லூப்பில் நிற்கும், மற்றது மெயினில் தாண்டிப் போகும். இதற்குக் கிராசிங் என்று பெயர். டாக்டரின் பாயிண்ட்களில் அந்த நாக்கை இழுக்க இரண்டு பக்கமும் கம்பிச்சுருள் இருந்தது. ஒரு சுருளில் கரண்ட் பட்டால் நேர், மற்றதில் பட்டால் ஒதுங்கல்.

"விளக்குக்குப் பதிலா இத இழுக்கச் சொல்லலாம்" என்றேன். தச்சு வாத்தியார் அதுவரை ரயிலையே பார்த்ததில்லை. ஒரு பாயிண்ட்டைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, "சொல்லலாம்" என்றார்.

சொல்வதற்கு முதலில் அதன் பாஷை தெரிய வேண்டுமே. வரிசையாக எண் போட்டு வரிகளாக எழுத வேண்டும். எண் வரிசைப்படி அது செய்துகொண்டே போகும். முதல் நாள் தச்சு வாத்தியார் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்படி ஒரு வரியும், 'திரும்ப முதல் வரிக்குப் போ' என்று இன்னொரு வரியும் தட்டினார். டிவி முழுக்க அவர் பெயர். ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கவே இல்லை. எங்களுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "போதும்பா, போதும்பா" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து வழுக்கிவிட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்த ஹெட்மாஸ்டர், பேய் பிடித்ததைப் பார்த்தவர் போல, போய் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டார். சமையல்கட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்று போனது. மறுநாள் காலை இட்லிக்குப் பதில் உப்புமா. பிள்ளைகள் எங்கள் இருவரையும் ஒரு வாரம் மன்னிக்கவில்லை.

கம்ப்யூட்டர் கொடுக்கும் கரண்ட் கொசுக்கடி அளவுதான். அது பாயிண்ட்டை இழுக்காது. நடுவே ரிலே என்று ஒரு மின்சார ஸ்விட்ச் வேண்டும் என்று புத்தகம் சொன்னது. திருப்பத்தூரில் ஒரு ரேடியோ மெக்கானிக்கிடம் போய் நின்றேன்.

"இன்னாம்மா, டிரான்சிஸ்டர் பாடலையா?"

"ரேடியோ இல்லீங்க. ரயிலு."

அவர் என் பையை எட்டிப் பார்த்தார். ஒரு பாயிண்ட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். மனிதர் கடையைப் பாதி இறக்கிவிட்டு, மூன்று மணி நேரம் நான் புத்தகத்தைப் பார்த்து வரைந்த படத்தையும் பாயிண்ட்டையும் மாறி மாறிப் பார்த்து ஒரு பலகையில் எட்டு ரிலே வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார். கடைசி பஸ் போயே போய்விடும் என்று நான் பதற, "பஸ்சு நாளைக்கும் வரும்மா, இந்த மாரி வேலை வருமா?" என்றார். பஸ் கிடைத்தது, ஓடிப் பிடித்தேன்.

மறுநாள் காலை. கரண்ட் தெம்பாக இருந்த நேரம். தச்சு வாத்தியார் ஒரு பெரிய பலகையில் தண்டவாளம் பொருத்தியிருந்தார். ஒரே ஒரு வரி தட்டினேன்: முதல் பாயிண்ட், ஒதுங்கு. ரிலே 'டிக்' என்றது. பாயிண்ட் 'டொக்' என்று நாக்கைத் திருப்பியது. என் கை அதைத் தொடவே இல்லை! இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எட்டாம் வகுப்பு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தது, அத்தனையும் கைதட்டியது. எனக்குத் தலை கிறுகிறுத்தது. கணக்கில் நூறு வாங்கிய நாளில்கூட இப்படி இருந்ததில்லை. அந்த ஆனந்தம் முழுசாகப் பத்து விநாடி நீடித்திருக்கும். அதற்குள் பாயிண்ட்டிலிருந்து ரீங்காரம் கேட்டது, பிறகு நாற்றம், பிறகு மெல்லியதாகப் புகை.

கம்பிச்சுருள் கருகிவிட்டது. ஆறில் ஒன்று போனது. நான் புத்தகத்தை எழுதியவனைத் திட்டினேன், மெக்கானிக்கைத் திட்டினேன், கரண்ட்டைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தச்சு வாத்தியார் நான் தட்டிய வரியை நான்கு தடவை படித்தார்.

"இழுக்கச் சொன்னோம். வுடச் சொல்லல டீச்சர். அது பாவம், இன்னும் இழுத்துக்கினே கீது."

அவ்வளவுதான் விஷயம். ஒரு நொடி கரண்ட், உடனே நிறுத்து. அடுத்த வரியாக 'விடு' என்று எழுதினோம். அதன் பிறகு அன்று மத்தியானம் வரை டிக்-டொக், டிக்-டொக் என்று வேறு வேலையே இல்லை. ஹெட்மாஸ்டர்கூட வாசலில் நின்று, "எங்க, இன்னொரு வாட்டி" என்றார்.

எழுதிய வரிகளைக் கேசட்டில் சேமிப்போம். கேசட்டில் அது 'கீஈஈ' என்று கிறீச்சிடும் சத்தமாகப் பதிவாகும். விளையாட்டு விழாவில் பாட்டு போட இருந்த கேசட்டும் எங்கள் கேசட்டும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. விழா அன்று மைக் செட்காரர் எங்களுடையதைப் போட்டுவிட்டார். ஒலிபெருக்கி மலை முழுக்க அந்தக் கிறீச்சலைப் பரப்ப, எதிர்ச் சரிவில் மேய்ந்த ஆடுகள் சிதறின, கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு அணியும் கயிற்றை விட்டுவிட்டுக் காதைப் பொத்தின. தச்சு வாத்தியார் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டு, "நம்ம ரெண்டாவது பாயிண்ட்டு டீச்சர்" என்றார். அவர் விளையாடுகிறாரா, நிஜமாகவே கண்டுபிடித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குப் பொறாமையும் இருந்தது, சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சர் நான். ஆனால் 'இப்படி இருந்தால், அப்படிச் செய்' என்ற வரியை அவர்தான் சட்டென்று பிடித்துக்கொண்டார். தண்டவாளத்துக்கு அடியில், காந்தம் மேலே வந்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கண்ணாடி ஸ்விட்சுகளை வைத்து, எஞ்சின் வயிற்றில் காந்தத் துண்டை ஒட்டினார். ரயில் எங்கே வருகிறது என்று இப்போது கம்ப்யூட்டருக்குத் தெரியும். நான் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது. அவர் மத்தியானச் சோறு சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் யோசித்துவிட்டார்.

இப்போது மலைப்பாதையின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிராக இருவர் வந்தால் சுமையோடு வருபவருக்குப் பாதை. வெறுங்கையோடு வருபவர் ஒதுங்க வேண்டும். மலைக்கு வந்த முதல் வாரமே நான் குடையை வீசிக்கொண்டு நடுப்பாதையில் நடந்து, விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம், "சொமை வர்றது கண்ணு தெரியலையா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து எதிரில் நிழல் ஆடினாலே உன்னிச்செடிப் புதருக்குள் ஒதுங்கிவிடுவேன். தச்சு வாத்தியாரோ, டீச்சருக்கு மரியாதை என்று அவரும் ஒதுங்கிவிடுவார். இருவர் கையிலும் சுமை இருக்காது. "வாங்க டீச்சர்." "இல்ல, நீங்க வாங்க." "அட, நீங்க போங்க டீச்சர்." பாதை காலியாகக் கிடக்க, நாங்கள் இரண்டு பக்க முள்ளிலும் நிற்போம். பிள்ளைகள் இதைத் தினம் பார்த்துச் சிரிப்பார்கள்.

அதிகாரிக்குக் கிராசிங் காட்டுவது என்று முடிவு செய்தோம். பலகையின் இடது கோடியில் கீழ் ஸ்டேஷன், வலது கோடியில் மலை ஸ்டேஷன், நடுவில் லூப். இரண்டு ஸ்டேஷனிலிருந்தும் ஒரே நேரத்தில் ரயில் கிளம்பும். கம்ப்யூட்டர் தானாகப் பாயிண்ட்டைத் திருப்பி, முட்டாமல் அனுப்ப வேண்டும். வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டோம். கீழ் ரயிலுக்கும் இடது பாயிண்ட்டுக்குமான வரிகள் என்னுடையவை. மலை ரயிலுக்கும் வலது பாயிண்ட்டுக்குமானவை அவருடையவை. சனி ஞாயிறில் அவரவர் நோட்டில் எழுதி, திங்கட்கிழமை தட்டிச் சேர்த்து, இரண்டு ரயிலையும் கிளப்பினோம்.

அழகாக வந்தன. என் ரயில் பாயிண்ட்டை நெருங்கியது, டொக், லூப்பில் ஒதுங்கியது. அதே நேரம் அந்தப் பக்கம் டொக், அவர் ரயிலும் லூப்பில் ஒதுங்கியது. மெயின் லைன் நீளத்துக்குக் காலியாகக் கிடக்க, இரண்டும் லூப்பில் நேருக்கு நேர் வந்து முட்டிச் சாய்ந்தன.

அவர் நோட்டை நான் பார்த்தேன். என் நோட்டை அவர் பார்த்தார். எதிரில் யாராவது வந்தால் ஒதுங்கு. இரண்டிலும் அதேதான் இருந்தது. எனக்குச் சிரிப்பில் மூச்சு முட்டியது. "நம்மள மாரியே பண்ணுதுங்க டீச்சர்" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"தப்பு என்னுது. நான் மாத்திடறேன்" என்றேன்.

"இல்லல்ல, என்னுது. நீங்க வுடுங்க."

"அட, நான் மாத்தறேன்ங்க."

அதற்குள் மணி அடித்துவிட்டது. யார் மாற்றுவது என்று முடிவாகாமலே வகுப்புக்கு ஓடினோம். மறுநாள் காலை நான் முதல் ஆளாக வந்து, என் வரிகளை மட்டும் டிவியில் வரவழைத்து, 'எது வந்தாலும் நேராகப் போ' என்று மாற்றிக் கேசட்டில் ஏற்றிவிட்டேன். அவருக்குச் சங்கடம் வேண்டாமே என்று சொல்லவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. வந்தபோது எனக்கு வகுப்பு. அன்றே மத்தியானம் அவரும் அதே அறைக்கு வந்திருக்கிறார். தன் வரிகளை மட்டும் வரவழைத்து, 'எது வந்தாலும் நேராகப் போ' என்று மாற்றிக் கேசட்டில் ஏற்றியிருக்கிறார். எனக்குச் சங்கடம் வேண்டாமே என்று அவரும் சொல்லவில்லை. அவர் ஓட்டிப் பார்ப்பதற்குள்ளும் கரண்ட் போயிருக்கிறது.

அதிகாரி சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாக, மறுநாள் காலையே வந்துவிட்டார். மலை வளைவுகளில் தலை சுற்றி, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி இறங்கினார். டிரைவர் ஜீப்பைப் பின்பக்கமாக வராந்தா வரை கொண்டுவந்து நிறுத்தி, பின்னால் ஒரு கோணிச்சாக்கை மெத்தென்று மடித்து விரித்தார். கம்ப்யூட்டருக்கு! 

"வேலை செய்யுதாம்மா?" என்று அதிகாரி கேட்டார்.

"செய்யும் சார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

எட்டாம் வகுப்பு மொத்தமும் சுவரோரம் நின்றது. புளி உலுக்கும் காலம் அது. மலை ரயிலில் பிள்ளைகள் புளியங்கொட்டையைக் கோபுரமாகக் குவித்து ஏற்றியிருந்தார்கள். கீழ் ரயில் காலி. நான் விசையைத் தட்டினேன். இரண்டும் கிளம்பின. நான் நிம்மதியாகத் தச்சு வாத்தியாரைப் பார்த்துச் சிரித்தேன், அவரும் நிம்மதியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இருவருக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரியும்.

பாயிண்ட்கள் இரண்டும் அசையவே இல்லை. இரண்டு ரயிலும் மெயின் லைனில் நேராக வந்து, 'டம்' என்று மோதின. புளியங்கொட்டை அறை முழுக்கச் சிதறி அதிகாரியின் ஷூவைச் சுற்றி உருண்டது. லூப் லைன் காலியாகக் கிடந்தது.

"நான் மாத்தினேனே!" என்றேன்.

"நான் மாத்தினேன் டீச்சர்!" என்றார்.

ஹெட்மாஸ்டர் பழைய அட்டைப்பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார். அதிகாரி பெருமூச்சு விட்டு டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். அழுதுவிடுவேன் போல இருந்தது. அப்போது சுவரோரம் இருந்து எட்டாம் வகுப்பு கத்தியது.

"இன்னா டீச்சர், சொமை வண்டிக்கு வழி வுட வாணாமா?"

"காலி வண்டி ஒதுங்கணும் டீச்சர்!"

நான்கைந்து வருஷமாகக் காலால் நடந்த சட்டம் அது. தலைக்கு ஏறவே இல்லை. மரியாதைக்காரர் ஒதுங்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் எழுதிவைத்திருந்தோம். பாதை அப்படிச் சொல்லவே இல்லை. யாரிடம் சுமை என்றுதான் அது கேட்கிறது.

"பத்தே நிமிஷம் சார்" என்று அதிகாரியிடம் சொன்னேன். அவர் தலைசுற்றல் தீர எப்படியும் பத்து நிமிஷம் உட்காரத்தான் வேண்டும். பிள்ளைகள் கொட்டையைப் பொறுக்கி மறுபடி மலை ரயிலில் குவித்தார்கள். தச்சு வாத்தியார் வாயால் சொல்ல, நான் தட்டினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போனது. தொடக்கத்தில் ஒரு கேள்வி: சுமை எந்த வண்டியில்? மலை என்றால் ஒன்று, கீழ் என்றால் இரண்டு. பிறகு, சுமை எதிரில் இருந்தால் ஒதுங்கு, என்னிடம் இருந்தால் நேராகப் போ. ஆறே வரி. ஒவ்வொரு வரியையும் இந்த முறை இருவரும் சேர்ந்து சத்தமாகப் படித்தோம்.

"நீங்களே பதில் போடுங்க சார்" என்றேன். அதிகாரி எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒற்றை விரலால் 'ஒன்று' தட்டினார்.

கீழ் ரயில் வந்தது. டொக். லூப்பில் ஒதுங்கி நின்றது. புளியங்கொட்டைச் சுமையோடு மலை ரயில் மெயினில் கம்பீரமாகத் தாண்டிப் போனது. அறை அதிர்ந்தது. பிள்ளைகள் குதித்ததில் பலகை ஆடி எஞ்சின் இன்னொரு தடவை விழப் பார்த்தது. கொட்டைகளை அள்ளி மற்ற ரயிலில் போட்டார்கள். அதிகாரி 'இரண்டு' தட்டினார். இப்போது மலை ரயில் ஒதுங்கியது. மறுபடி ஒன்று. மறுபடி இரண்டு. மனிதர் பேன்ட் மடிப்பை மறந்து முட்டி போட்டு, கண்ணைத் தண்டவாளத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

"சரி, ரெண்டுலயும் சுமை இருந்தா?" என்று கேட்டார்.

"மேல ஏர்றவனுக்குத்தாங்க வழி" என்றார் தச்சு வாத்தியார். "மூச்சு வாங்கறவன நிக்க வெக்கக் கூடாது."

வாசலில் நின்ற டிரைவர், "ஜீப்புக்கும் அப்டித்தாங்க சார்" என்றார். அதற்கும் ஒரு வரி தட்டினோம். சரியாக ஓடியது.

"ரெண்டும் காலியா வந்தா?" என்றார் அதிகாரி.

நான் தச்சு வாத்தியாரைப் பார்த்தேன். அவர் பலகையைப் பார்த்தார். பின்வரிசையில் ஒரு பிள்ளை 'க்ளுக்' என்றது. அவ்வளவுதான், எட்டாம் வகுப்பு முழுக்கக் கொல்லென்று சிரித்தது.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க?" என்று அதட்டினார் ஹெட்மாஸ்டர்.

"சார், டீச்சரும் வாத்தியாரும் அப்டித்தான் சார் வருவாங்க! ரெண்டு பேரும் முள்ளுலயே நிப்பாங்க சார், மணி அடிச்சாகூட!"

ஹெட்மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலாக அன்றுதான் பார்த்தேன். என் காது சூடாகிவிட்டது. "அதுக்கு மட்டும் இன்னும் எழுதலைங்க சார்" என்றேன்.

அதிகாரி எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இருந்தது, குரலில் மட்டும் ஆபீஸ். "பாதி வேலையில இருக்கற சாமானை எடுத்துட்டுப் போக முடியாது. அதை எழுதி முடிங்க. முடிச்சதும் எனக்கு ஒரு கடிதம் போடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் இது இங்கயே இருக்கட்டும்." தன் காகிதத்தில் 'பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அந்த இரண்டு சொல்லையும் தலைகீழாகவே படித்தேன்.

ஜீப் கிளம்பியது. பின்னால் கோணிச்சாக்கு காற்றில் படபடத்தது. பள்ளிக்கூடத்து மைதான ஓரத்தில் நின்றால் கீழே இரண்டாவது வளைவு தெரியும். மொத்தப் பள்ளிக்கூடமும் அங்கே ஓடி நின்றது. ஜீப் வளைவை நெருங்கிய நேரம், எங்கள் விடுதிக்கு அரிசி மூட்டை ஏற்றிய லாரி முக்கி முனகிக்கொண்டு எதிரில் ஏறி வந்தது. ஜீப் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் வந்து, வேப்பமரத்தடியில் ஒதுங்கி வழி விட்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் அதிகாரி தலையை வெளியே நீட்டிக் கையை ஆட்டினார்.

சத்தம் அடங்கி எல்லோரும் கலைந்த பிறகு தச்சு வாத்தியார் கேட்டார்.

"அந்த வெறுங்கை விசயத்த நாளைக்கு ஒக்காந்து எழுதிடலாமா டீச்சர்?"

"எழுதிட்டா லெட்டர் போடணுமே" என்றேன்.

"அப்ப மெதுவா எழுதலாம். இன்னா அவசரம்?" என்றார்.

நான் அதன் பிறகு அந்த மலையில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். எட்டாம் வகுப்பு வருஷா வருஷம் வந்து அந்தக் கம்ப்யூட்டரில் தட்டிப் பழகி, பாயிண்ட்டை இழுத்து விட்டு மேலே போனது. கடைசி வரை கடிதம் போடவில்லை.